நாலாவது நிரல்

புதன்கிழமை பின்னேரம் ஆறரைக்கு
பாசையூர் ஐஸ் கொம்பனிக்குப் பின்னால் இருக்கும் அறையில்
பதினொரு பேர் வேதம் படிக்கிறோம்.
கரண்ட் நின்றால் கைபேசி வெளிச்சம்.
பாட்டுத் தொடக்க ஆளில்லை,
கயித்தானுக்கு ஆஸ்துமா.

ஆளுக்கொரு வசனம் வாசிக்கவேண்டும்.
பிறகு கொப்பியில் நாலு நிரல்:
என்ன சொல்லியிருக்கிறது,
யாருக்குச் சொன்னது,
எனக்கு என்ன சொல்கிறது,
நான் என்ன செய்யப்போகிறேன்.

மூன்றாவது வரை என் கையெழுத்து முத்துமுத்தாய் இருக்கும்.
நாலாவதில் எந்தக் கிழமையும் ஒரே சொல்:
செபிப்பேன்.
சிஸ்டர் பெர்னதெத் அதற்கும் சரி போடுவா,
கொஞ்சம் யோசித்து.

போன மாசம் படித்தது
போகச் சொன்ன ஊருக்குப் போகாமல்
கப்பலேறி ஓடினவனை.
விழுந்து விழுந்து சிரித்தோம்.
"கடலுக்குள்ளை ஒளிக்கலாமெண்டு
எங்கடை கரைப் பிள்ளையள் நினைப்பாங்களே?"
என்றார் கயித்தான்.
கீழ்ப்படிதல் பற்றி முக்கால் பக்கம் எழுதினேன்.
மற்றவர்கள் கீழ்ப்படியாததை எழுத
எனக்குச் சொற்பஞ்சம் வருவதில்லை.

இந்தக் கிழமை, படிக்கல்.
பைக்குள்ளே பெரிதொன்றும் சிறிதொன்றுமாய்
இரண்டு கல் வைத்திராதே என்று
வனாந்தரத்தில் நின்ற சனத்துக்குச் சொல்லியிருக்கிறது.
வாசிக்கிற முறை யூதாமேரி ரீச்சருக்கு.
வெள்ளி தவறாமல் என்னிடம் விளைமீன் வாங்குகிறவ.
ஆறுதலாய், சொல்லுக்குச் சொல் நின்று வாசித்தா.
தலை நிமிரவேயில்லை.
தெரிந்துதான் நிமிரவில்லையோ,
கண்ணாடியை மறந்து வந்ததாலோ,
இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

என் ஒரு கிலோக் கல்லின் அடியில்
ஈயம் தோண்டிய குழி.
நாற்பது கிராம்.
இடம்பெயர்ந்து திரும்பிய வருசம்
கதவும் இல்லாத வீட்டுக்கு
அவர் கொண்டுவந்த முதல் சாமான் அது.
"எல்லாரும் வைச்சிருக்கிறது தானே" என்றார்.
அவர் போய் ஒன்பது வருசம்.
கல் போகவில்லை.

அன்றிரவு நாலாவது நிரலில் பேனையை வைத்தேன்.
'செ' என்று எழுதினேன்.
அங்கேயே நின்றுவிட்டது.
செபிப்பேனுக்கும் செய்வேனுக்கும்
ஒரே வாசல்.

விடியச் சந்தையில்
சந்தியாப்பிள்ளையிடம் முத்திரை குத்திய கல் இரவல் வாங்கினேன்.
ஏன் என்று கேட்டார். துருப்பிடித்துவிட்டது என்றேன்.
அதுவும் பொய்தான்,
ஒரு நாளைக்கு ஒன்று என்று தீர்க்கவேண்டியிருக்கிறது.

நாளுக்கு இருபது கிலோ,
கிலோவுக்கு நாற்பது கிராம்.
யாரிடம் போய்த் திருப்பிக் கொடுப்பது?
பாதிப்பேர் கனடாவில்.
சிலபேர் சேமக்காலையில்.
ஆகவே வருகிறவர்களுக்கெல்லாம்
நிறைக்கு மேலே இரண்டு சூடை, ஒரு திரளிக்குஞ்சு.

முதல் வந்தவ மணந்து பார்த்தா.
"என்ன வலன்ரீனா, மீன் பழசோ?"
அடுத்தவர் செவுளைக் கிளப்பிப் பார்த்துவிட்டு
எதிர்ப்பக்கம் போனார்.
எட்டு மணிக்குள் மூன்று வாடிக்கை போச்சு.
விசுவாசம் மலையை நகர்த்துமாம்.
எனக்கு ஒரு பெட்டி பாரை நகரவில்லை.

பிறகு ரீச்சர் வந்தா. ஒரு கிலோ.
நிறுத்தேன். மேலே ஒன்று வைத்தேன்.
அந்த ஒன்றை அவ வாலில் பிடித்துத் தூக்கி
திரும்ப என் பெட்டியில் போட்டா.
"நிறை சரியெண்டால் காணும்."
குடையை விரித்துக்கொண்டு போனா.
மழையுமில்லை, வெயிலும் அவ்வளவாயில்லை.

பழைய கல்லை நான் எறியவில்லை.
கடற்காற்றுக்கு வேதப்புத்தகத்தின் தாள் பறக்கும்.
அதற்கு மேலே வைத்திருக்கிறேன்.
நாற்பது கிராம் குறைந்தாலும் தாள் அசையவில்லை.
கொப்பியில் இன்னும் 'செ' மட்டும்தான் இருக்கிறது.
சிஸ்டர் பார்த்தா. சரியும் போடவில்லை, பிழையும் போடவில்லை.

வருகிற புதன்கிழமைப் பாடம்
அயலவனின் எல்லையைத் தள்ளிப் போடாதே என்பது.
கயித்தான் போன வருசந்தான்
கிழக்கு வேலியை அடைத்தவர்.
இப்பவே இருமத் தொடங்கிவிட்டார்.